டார்ச்சை அடிமட்டத்தில் வைத்துப் பாருங்கள்: கான்வாய் எஸ்2+, எமிசர் டி4வி2, நைட்கோர் என்யு25 யுஎல்

நள்ளிரவில் எழுந்து, பக்கத்தில் தூங்குபவரைக் கலைக்காமல் தண்ணீர் குடித்துவிட்டு வர அரை லூமன் (மொத்த வெளிச்சத்தின் அளவு) போதும். வீட்டைச் சுற்றி நடக்க 20 முதல் 50 லூமன். வரப்பிலோ மலைப்பாதையிலோ நடக்க 100 முதல் 200. தூரத்தில் என்ன அசைகிறது என்று பார்க்க, சில நொடிகளுக்கு மட்டும், ஆயிரம். டார்ச்சின் ஆயுளில் பெரும்பகுதி முதல் மூன்று வேலைகளில்தான் கழிகிறது. விளம்பரங்கள் நான்காவதைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. டார்ச் பைத்தியங்கள் (இந்தப் பட்டத்தை அவர்கள் யாரும் மறுப்பதில்லை) புது லைட் கைக்கு வந்ததும் சோதிப்பது அதன் உச்சத்தை அல்ல. எவ்வளவு மங்கலாக எரிய முடியும், அந்த மங்கலுக்கு எத்தனை அழுத்தத்தில் போக முடியும், அப்போது நிறம் எப்படி இருக்கிறது, இந்த மூன்றையும்தான் முதலில் பார்க்கிறார்கள். இங்கே மதிப்பிடப்படும் மூன்று லைட்டுகளும் அந்த அளவுகோலில்தான் நிறுத்தப்படுகின்றன.

பெட்டியில் அச்சடித்த எண்களைப் படிக்கும் முறையை முதலில் பார்த்துவிடுவோம். நல்ல நிறுவனங்கள் எஃப்எல்1 என்ற அமெரிக்கத் தரநிலையைப் பின்பற்றுகின்றன. அதன்படி லூமன் அளவை, லைட்டைப் போட்டு 30 நொடி முதல் 2 நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும். எரியும் நேரம் என்பது அந்தத் தொடக்க அளவில் 10 சதவீதமாகக் குறையும் வரை ஆகும் நேரம். சூட்சுமம் இங்கேதான். 600 லூமனில் தொடங்கி, மூன்று நிமிடத்தில் 150க்கு இறங்கி, பிறகு மணிக்கணக்கில் 100க்குப் பக்கத்தில் ஓடும் லைட்டும் "600 லூமன், இத்தனை மணி நேரம்" என்று சட்டப்படியே போட்டுக்கொள்ளலாம். தூரக் கணக்கும் அப்படித்தான். 0.25 லக்ஸ், அதாவது ஏறக்குறைய முழுநிலா வெளிச்சம், விழும் தூரம்தான் பெட்டியில் இருக்கும் மீட்டர். கேண்டெலா (ஒளிக்கற்றையின் செறிவு) தெரிந்தால் அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் அதே விடை வரும்: 10,000 கேண்டெலாவுக்கு 200 மீட்டர். அந்தத் தூரத்தில் ஏதோ ஒன்று நிற்கிறது என்று தெரியலாம்; அது மாடா மனிதனா என்று தெரிய, பாதி தூரத்துக்குமேல் நம்பக் கூடாது.

பெட்டியை நம்பாமல் எரியும் நேரத்தை நாமே கணக்கிட ஒரு வழி உண்டு. பேட்டரியின் மில்லி ஆம்பியர் மணியை (எம்ஏஎச்) ஆயிரத்தால் வகுத்து, 3.6 ஆல் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். டிரைவர் (எல்இடிக்கு மின்சாரத்தை அளந்து தரும் சுற்று), லென்ஸ் இழப்புகள் எல்லாம் போக ஒரு வாட்டுக்கு 100 லூமன் என்று வைத்துக்கொள்ளலாம். நிறத்தரம் உயர்ந்த எல்இடி என்றால் இன்னும் கொஞ்சம் குறைவு. 3000 எம்ஏஎச் 18650 பேட்டரியில் (டார்ச்சுகளில் போடும் உருளை லித்தியம் பேட்டரி) சுமார் 10.8 வாட்-மணி, அதாவது ஏறக்குறைய 1000 லூமன்-மணி. 50 லூமனில் 20 மணி நேரம். 1000 லூமனில் ஒரு மணி நேரம், அதுவும் டார்ச்சின் உடம்பு அந்தச் சூட்டைத் தாங்கினால். எந்த விளம்பரமும் இந்தக் கணக்கை வெகுவாகத் தாண்டிப் போக முடியாது.

சூட்டையும் இங்கேயே முடித்துவிடலாம். கையடக்க அலுமினிய டார்ச் காற்றோட்டம் இல்லாத இடத்தில் நிரந்தரமாக வெளியேற்றக் கூடிய சூடு மூன்று நான்கு வாட்தான். ஆகவே ஒற்றை 18650 போட்டு, சூட்டைப் பார்த்துத் தானே குறைத்துக்கொள்ளும் எந்த லைட்டும், அது ஆயிரம் லூமன் என்றாலும் நாலாயிரம் என்றாலும், சில நிமிடங்களில் 300 முதல் 500 லூமனுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். சென்னையின் மே மாத இரவில் அதற்கும் கீழே. கையில் பிடித்திருந்தால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். கைதான் அங்கே குளிர்விப்பான்.

இனி கான்வாய் எஸ்2+. சீனத் தயாரிப்பு, ஒற்றை 18650, நீளம் 12 செண்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, தலை விட்டம் 24 மில்லிமீட்டர். பார்க்க ஒரு அலுமினியக் குழாய், அவ்வளவுதான். பல ஆண்டுகளாக இது விலைபோவதற்குக் காரணம், வாங்கும்போதே எல்இடி, நிற வெப்பநிலை (வெளிச்சம் மஞ்சளா நீலமா என்பதைச் சொல்லும் கெல்வின் எண்), மின்னோட்ட அளவு, லென்ஸ் என ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுக்கலாம் என்பதுதான். அந்தச் சுதந்திரத்தில்தான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள், ஏனென்றால் பட்டியலில் பிரகாசமானதைத் தேர்ந்தெடுக்கக் கை நீளும்.

எல்இடியிலிருந்து தொடங்கலாம். அதிக வெளிச்சம் தரும் 6500 கெல்வின் எல்இடிகள் நீலம் கலந்த வெள்ளை. நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான சிஆர்ஐ எண் 70 அளவில் இருக்கும். சிவப்பைக் காட்டும் ஆர்9 எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில், சிலவற்றில் அதற்கும் கீழே. இதன் விளைவை வீட்டு மெயின் போர்டைத் திறந்து பார்த்தால் புரியும். நம் ஊர்ப் பழைய வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் பேஸ், கறுப்பு நியூட்ரல். தூசி படிந்த சிவப்பு வயரும் கறுப்பு வயரும் மட்டமான எல்இடி வெளிச்சத்தில் ஒரே பழுப்பாகத் தெரியும். சருகுகளுக்கு நடுவே கிடக்கும் பழுப்புநிறப் பாம்பும் அப்படித்தான்: உருவம் பிரியாது, எல்லாம் ஒரே சாம்பல் பரப்பாகத் தட்டையாகிவிடும். சிஆர்ஐ 90க்கு மேல் உள்ள எல்இடி 20, 30 சதவீத வெளிச்சத்தை விலையாகக் கேட்கும். கொடுத்துவிடலாம். கண்ணுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய நான்கு மடங்கு லூமன் வேண்டும் என்பதால், அந்த 20 சதவீதம் போனது தெரியவே தெரியாது. நிறம் வந்தது உடனே தெரியும்.

சிஆர்ஐ மட்டும் போதாது. டின்ட் பார்க்க வேண்டும். ஒரே 4000 கெல்வினில் ஒரு எல்இடி பச்சை அடிக்கும், இன்னொன்று இளஞ்சிவப்பாக இருக்கும். லூமினஸ் எஸ்எஸ்டி20, 4000 கெல்வின், சிஆர்ஐ 95 வகை காகிதத்தில் அருமை. குறைந்த மின்னோட்டத்தில் பச்சை தட்டும். அடிமட்ட வெளிச்சத்தை அதிகம் பயன்படுத்துகிறவருக்கு இது பெரிய குறை. சாம்சங் எல்எச்351டி பிரகாசமும் நிறத்தரமும் சேர்ந்தது, விலையும் குறைவு, ஆனால் அதிலும் லேசான பச்சை. நிச்சியா 519ஏ இப்போது பெரும்பாலானோரின் தேர்வு. எல்லா வெளிச்ச அளவிலும் நிறம் பெரிதாக மாறாது. இதன் மேல் இருக்கும் சிலிகான் குமிழைக் கத்தியால் சீவி எடுத்துவிடுபவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் நிற வெப்பநிலை ஆயிரம் கெல்வினுக்கு மேல் இறங்கி (5700 வாங்கினால் 4500க்கு அருகில்) லேசான இளஞ்சிவப்பு வரும், ஒளிக்கற்றையும் குறுகும். ஒரு தடவை கத்தி தவறினால் எல்இடி குப்பை. கடையிலேயே குமிழ் நீக்கியது கிடைத்தால் அதை வாங்குவதே மேல்.

எஸ்2+ க்கு இங்கே தரும் பரிந்துரை: 519ஏ, 4500 கெல்வின், ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரப்பான ரிஃப்ளெக்டர். வழவழப்பான ரிஃப்ளெக்டர் இன்னும் கொஞ்சம் தூரம் அடிக்கும், ஆனால் வெள்ளைச் சுவரில் வளையம் வளையமாகக் காட்டும். கைக்கெட்டும் தூரத்து வேலைகள்தான் அதிகம் என்றால் ரிஃப்ளெக்டருக்குப் பதிலாக 20 மில்லிமீட்டர் டிஐஆர் (ஒளியைப் பரப்பும் பிளாஸ்டிக்) லென்ஸ், 45 டிகிரி வகை, தனியாக வாங்கி மாட்டலாம். லென்ஸின் பிளாஸ்டிக் கால்கள் எல்இடி பலகையின் மேல் சரியாக உட்காராவிட்டால் முன்வளையம் முழுதாக இறங்காது, தண்ணீர் புகும். காலை அரம் கொண்டு சிறிது சிறிதாகத் தேய்த்துப் பொருத்த வேண்டும். கால் எல்இடிக்குப் போகும் சால்டர் புள்ளிகளைத் தொட்டு ஷார்ட் ஆகாமல் பார்த்துக்கொள்ளவும்.

அடுத்தது டிரைவர். எஸ்2+ இன் புகழ்பெற்ற டிரைவர் 7135 என்ற சில்லுகளால் ஆனது. ஒவ்வொரு சில்லும் 350 மில்லி ஆம்பியர் கடத்தும். எட்டு சில்லு என்றால் 2.8 ஆம்பியர், ஆறு என்றால் 2.1, நான்கு என்றால் 1.4. இது நேர்கோட்டு வகை, அதாவது பேட்டரி மின்னழுத்தத்துக்கும் எல்இடிக்குத் தேவையானதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சூடாக எரித்துவிடும். பேட்டரி 4.1 வோல்ட், எல்இடி 3.1 வோல்ட், 2.8 ஆம்பியர் என்றால் 2.8 வாட் வெறும் சூடு, கால்வாசி வீண். மேலே சொன்ன மூன்று நான்கு வாட் எல்லையை நினைத்தால் எட்டு சில்லு ஏன் கையைச் சுடுகிறது என்பது விளங்கும். நான்கு அல்லது ஆறு சில்லு வாங்கினால் உச்ச வெளிச்சம் 400, 600 லூமன் அளவில் நின்றுவிடும், ஆனால் அதைப் பத்து நிமிடம் கழித்தும் பெரிய மாற்றமில்லாமல் தரும். புதிதாக வரும் 5 ஆம்பியர் டிரைவர்களில் சூட்டைப் பார்த்துத் தானே குறைத்துக்கொள்ளும் வசதி உண்டு. அவற்றில் இந்தக் கவலை குறைவு.

மோட் (வெளிச்ச நிலை) தேர்வில்தான் எஸ்2+ மதிப்பெண் அள்ளுகிறது. 12 மோட் தொகுதிகள் உள்ளன. லைட் எரியும்போது பின் ஸ்விட்சை அரை அழுத்தமாகப் பத்து இருபது முறை விடாமல் வேகமாகத் தட்டினால் அமைப்பு நிலைக்குள் போகும். அங்கே எண்ணிக்கையாக மின்னும்போது வேண்டிய இடத்தில் ஒரு தட்டு. செய்ய வேண்டியது இரண்டு: மங்கலில் தொடங்கி மேலே ஏறும் தொகுதியைத் தேர்வது, பளிச்பளிச் என்று அடிக்கும் ஸ்ட்ரோப் உள்ள தொகுதிகளைத் தவிர்ப்பது. கடைசி வெளிச்சத்தை நினைவில் வைக்கும் வசதியை அணைத்துவிடுவது நல்லது. நேற்று உச்சத்தில் அணைத்தவர் இன்று நடுராத்திரி அதே உச்சத்தில் கண் கூசி நிற்க வேண்டியதில்லை.

பின்பக்க ஸ்விட்ச் உண்மையான இயந்திர ஸ்விட்ச். அணைத்தால் மின்சாரம் முழுதாகத் துண்டிக்கப்படும், ஒரு துளிகூடக் கசியாது. புயல் காலத்துக்கென்று அலமாரியில் ஆறு மாதம் தூங்கும் லைட்டாக இதுதான் பொருத்தம். குறை: மோட் மாற்ற வரிசையாகத்தான் தட்ட வேண்டும், நேராக நினைத்த வெளிச்சத்துக்குப் போக முடியாது.

அந்தக் குறையைத் தீர்ப்பதற்காகவே பிறந்தது எமிசர் டி4வி2. சீனாவின் ஹாங்க் வாங் தனி ஆர்டர்களாகச் செய்து அனுப்பும் லைட். இதுவும் 18650தான், ஆனால் எஸ்2+ ஐ விடக் குட்டை. தலையில் நான்கு எல்இடி, அவற்றின் மேல் கார்க்லோ நிறுவனத்தின் நான்கு கண் லென்ஸ். குளிர்வெள்ளை எக்ஸ்பிஎல் ஹெச்ஐ எல்இடி வகையில் 4000 லூமனைத் தாண்டும். எத்தனை நேரம் என்று கேட்டால் நொடிகளில் சொல்ல வேண்டும். இந்த உச்சம் வேடிக்கைக்கு. டி4வி2 ஐ வாங்க வேண்டிய காரணம் இதன் மறுமுனை.

இதில் ஓடும் மென்பொருள் ஆண்டுரில், டாய்கீப்பர் என்ற புனைபெயரில் அறியப்படுபவர் எழுதிய திறமூலம். அணைந்திருக்கும்போது பொத்தானை அழுத்திப் பிடித்தால் மிகக் குறைந்த வெளிச்சத்தில் எரியத் தொடங்கும். பிடித்தபடியே இருந்தால் படியில்லாமல் வழுக்கிக்கொண்டு ஏறும். ஒரு தட்டு: கடைசியாக விட்ட வெளிச்சம். இரண்டு தட்டு: உச்சம். மூன்று: பேட்டரி மின்னழுத்தம் மின்னல் எண்ணிக்கையாக (3, சிறு இடைவெளி, 8 என்றால் 3.8 வோல்ட்). நான்கு: பூட்டு. இருளில் படுக்கையிலிருந்து கையை நீட்டி ஒரே அழுத்தத்தில் நிலவொளி கிடைக்கிறது. இந்த ஒன்றுக்காகவே மற்ற லைட்டுகளைக் கைவிட்டவர்கள் பலர்.

ஆண்டுரில் 2 பெட்டியிலிருந்து எளிய முறையில்தான் வரும். அதில் வெளிச்ச உச்சம் குறைக்கப்பட்டிருக்கும், விளையாட்டு மோட்கள் இருக்காது. முழு முறைக்கு மாற, அணைந்த நிலையில் பத்துத் தட்டு, பத்தாவதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் வேறு யாரிடமாவது கொடுக்கும் முன் பத்துத் தட்டில் மறுபடி எளிய முறைக்குத் திருப்பிவிடுங்கள். இந்தச் சிறு மரியாதையைச் செய்யாததால்தான் "உன் லைட் எனக்கு வேண்டாம்" என்ற பேச்சு வருகிறது. எரியும்போது வேண்டிய வெளிச்சத்தில் நிறுத்திப் பத்துத் தட்டினால் அந்த அளவு நிரந்தர நினைவாகப் பதியும். பிறகு ஒரு தட்டில் எப்போதும் அதே வெளிச்சம்.

நம் தட்பவெப்பத்தில் செய்தே ஆக வேண்டிய ஒரு சரிசெய்தல், சூடளவி. ஒவ்வொரு லைட்டின் சூடளவியும் சில டிகிரி முன்பின்னாகக் காட்டும். எட்டு டிகிரி கூடுதலாகக் காட்டினால், 45 டிகிரி எல்லை உள்ள லைட் 37 டிகிரியிலேயே வெளிச்சத்தைக் குறைத்துவிடும். கோடையில் அறையின் சூடே அதற்குப் பக்கத்தில் இருக்கும். சரிசெய்யும் முறை: லைட்டை இரவு முழுக்கத் தொடாமல் வைத்து, காலையில் அறையின் வெப்பநிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று தட்டில் பேட்டரி நிலை, அங்கிருந்து இரண்டு தட்டில் வெப்பநிலை மின்னும். அங்கே ஏழு தட்டு, ஏழாவதைப் பிடித்தால் அமைப்புப் பட்டியல். பட்டியலில் ஒருமுறை மின்னியதும் கையை எடுத்து, அறை வெப்பநிலை 28 என்றால் 28 முறை தட்டுங்கள். இரண்டாவது வாய்ப்பு எல்லை: 30க்கு மேல் வேண்டிய டிகிரியைத் தட்ட வேண்டும், 50 வேண்டுமென்றால் 20 தட்டு. 50க்கு மேல் வைத்தால் கை தாங்காது. லைட் சூடாக இருக்கும்போது இதைச் செய்தால் எல்லாமே தலைகீழாகும்.

டி4வி2 இன் ஆபத்தையும் மறைக்கக் கூடாது. சட்டைப்பையில் தவறுதலாக இரண்டு அழுத்தம் விழுந்தால் துணி பொசுங்கும், தோலும் சுடும். நான்கு தட்டுப் பூட்டு பழகும்வரை பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தி வையுங்கள். மரையில் மின்கடத்தாத பூச்சு இருப்பதால் அந்தக் கால் சுற்றிலேயே மின்சாரம் துண்டிக்கப்படும். பூச்சில்லாத செம்பு, பித்தளை உடம்புகளில் மரையே மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் இந்த வசதியை நம்ப முடியாது; பேட்டரியைக் கழற்றி வைப்பதுதான் பாதுகாப்பு. உயர்த்திய பொத்தானை விருப்பமாகத் தருகிறார்கள். பையில் வைப்பவர்கள் அதை வாங்க வேண்டாம்.

லென்ஸ் தேர்வு (கார்க்லோ மாடல் எண்கள்): தெளிவான 10621 தூரத்துக்கு, 10622 நடுத்தரம், 10623 அகலப் பரவல். 10622 பலருக்கும் பொருந்தும். எல்இடியில் மீண்டும் 519ஏ. உள்ளே எரியும் சிறு வண்ண விளக்குகள், பொத்தானுக்கடியில் இருப்பது உட்பட, பேட்டரியின் அளவை நிறத்தால் காட்டும். அணைந்த நிலையில் ஏழு தட்டில் அதன் பாணி மாறும். இருளில் லைட் எங்கே என்று தேட வேண்டியதில்லை என்பது நல்லதுதான். பிரகாசமாக வைத்தால் வாரக்கணக்கில் பேட்டரியைத் தின்னும், மங்கலில் விடுங்கள்.

இனித் தலையில் கட்டும் லைட். குமரி மாவட்டத்தில் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களைக் கேட்டால், பிரகாசத்தைவிடக் கழுத்துவலியைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள். எடை, பரவல், நிறம், இந்த வரிசையில்தான் ஹெட்லைட்டைப் பார்க்க வேண்டும். நைட்கோர் என்யு25 யுஎல் எடையில் அசைக்க முடியாதது: மெல்லிய கயிற்றுப் பட்டையோடு சேர்த்து 45 கிராம். ஒரு 18650 பேட்டரி மட்டுமே அதைவிடச் சற்றுக் கனம். உச்சம் 400 லூமன், உள்ளே 650 எம்ஏஎச் பேட்டரி, டைப்-சி சார்ஜிங், சிவப்பு விளக்கும் உண்டு.

நம் கணக்கைப் போட்டால் 650 எம்ஏஎச் என்பது சுமார் 2.4 வாட்-மணி, 240 லூமன்-மணி. 400 லூமனை விடாமல் தந்தால் 36 நிமிடத்தில் தீர்ந்துவிடும் சரக்கு. 40 லூமனில் ஆறு மணி நேரம். ஓர் இரவு நடைக்கு, கூடாரத்துக்கு, ரயில் பயணத்துக்கு நிறைவு. இரண்டு மூன்று இரவு மின்சாரம் இல்லாத இடத்துக்குப் பவர்பேங்க் வேண்டும். கயிற்றுப் பட்டை எடையைக் குறைக்கிறது, ஆனால் வியர்த்த நெற்றியில் ஓடினால் வழுக்கும். ஓட்டக்காரர்கள் அகலப் பட்டைக்கு மாற்றிக்கொள்வது நல்லது. பிரதான வெளிச்சம் குளிர்வெள்ளை. இது அழகியல் பிரச்சினை மட்டுமல்ல. பூச்சிகள் நீலம் கூடிய ஒளிக்கே அதிகம் வரும். மழை ஓய்ந்த இரவில் ஈசல் முழுக்க முகத்தில்தான் மொய்க்கும். சிவப்புக்கு மாற்றினால் பெரும்பாலும் விலகிவிடும். பேட்டரி உள்ளேயே அடைக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அது வலுவிழந்தால் லைட்டோடு சேர்த்துத்தான் தூக்கிப் போட வேண்டும். இந்த லைட்டின் ஒரே பெரிய குறை இதுதான், அதைத் தீர்க்க வழியும் இல்லை.

பையில் தானாக எரிந்து தீர்ந்துபோவது இந்த வகை லைட்டுகளின் பொது நோய். பொத்தான் மேலே துருத்திக்கொண்டிருக்கும். கூட வைத்த தண்ணீர்ப் போத்தல் அழுத்தினால் போதும். மின்னணுப் பூட்டை ஒவ்வொரு தடவையும் போடுங்கள்.

பேட்டரி மாற்ற வேண்டும் என்பவர்களுக்கு ஆங்கில எல் வடிவ லைட்டுகள் உள்ளன: ஸ்கில்ஹண்ட் எச்04, ஆர்மிடெக் விஸார்ட், டெக்சாஸைச் சேர்ந்த ஸீப்ராலைட்டின் எச்600 வரிசை. மூன்றும் 18650, மூன்றும் பட்டையிலிருந்து பிடுங்கினால் கையடக்க டார்ச். எச்04க்கும் விஸார்டுக்கும் வால் காந்தம் உண்டு, இரும்புப் பீரோவிலோ பைக் சட்டத்திலோ ஒட்டவைத்து இரண்டு கையாலும் வேலை பார்க்கலாம். ஸீப்ராலைட் சார்ஜர் எதுவும் வைக்காமல், எடையையும் டிரைவரையும் கூர்மையாக்கியிருக்கிறது. அதன் வெளிச்சப் படிகள் ஒரு லூமனுக்கு வெகு கீழே வரை இறங்குகின்றன. ஆனால் தலையைத் திறக்கவே முடியாதபடி அடைத்திருக்கிறார்கள், எல்இடி மாற்றும் ஆசை உள்ளவர்கள் தள்ளி நிற்கலாம். விஸார்டின் காந்த சார்ஜரைத் தொலைத்தால் பேட்டரியை வெளியே எடுத்துச் சாதாரண சார்ஜரில் போட வேண்டியதுதான். மூன்றிலும் பேட்டரியோடு எடை நூறு கிராமை நெருங்கும் அல்லது தாண்டும். நடைக்குப் பரவாயில்லை, ஓட்டத்துக்கு உச்சந்தலைப் பட்டை இல்லாமல் குதிக்கும். எந்த மாடல் வாங்கினாலும் ரிஃப்ளெக்டர் வேண்டாம், பரவல் லென்ஸ் உள்ளதை எடுங்கள். தலையில் கட்டியது பார்வையோடு சேர்ந்து திரும்பும், நடுவில் கூர்மையான புள்ளி இருந்தால் கண் அதற்கேற்ப சுருங்கி, ஓரத்தில் இருக்கும் கல் தெரியாது. பனிமூட்டத்தில் எந்த ஹெட்லைட்டும் எதிரே வெள்ளைச் சுவர்தான் எழுப்பும்; கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் போகிறவர்கள் அதைக் கழற்றி இடுப்பளவில் பிடித்தால் பாதை தெரியும்.

18650 என்பது 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். பாதுகாப்புச் சுற்று சேர்த்த வகைகள் 69, 70 வரை நீளும். டி4வி2 போன்ற குறுகிய குழாய்களில் அவை நுழையாது அல்லது ஸ்பிரிங்கை நசுக்கும். நுழைந்தாலும் உச்சத்தில் சுற்று அறுத்துக்கொண்டு லைட் பட்டென்று அணையும். டி4வி2க்கு அதிக மின்னோட்டம் தரும் தட்டைத் தலை வகை வேண்டும்: சாம்சங் 30க்யூ, சோனி விடிசி6 போன்றவை, 3000 எம்ஏஎச். எஸ்2+ க்கும் எல் வடிவ ஹெட்லைட்டுக்கும் 3500 எம்ஏஎச் சாம்சங் 35இ அல்லது எல்ஜி எம்ஜே1 கூடுதல் நேரம் தரும். 9000 எம்ஏஎச் என்று அச்சடித்த 18650ஐத் தராசில் வைத்துப் பாருங்கள். உண்மையான ஒன்று 45 கிராமுக்கு மேல் இருக்கும், போலி பெரும்பாலும் முப்பதுகளில் நிற்கும். பேட்டரியின் மேலுறை கிழிந்திருந்தால் போட வேண்டாம், முழு உருளையும் எதிர்மின்முனை (நெகட்டிவ்) என்பதால் மேல்விளிம்பில் ஷார்ட் ஆகும். மாதக்கணக்கில் சும்மா வைப்பதானால் 3.7 வோல்ட் அளவில் வையுங்கள்.

லைட் மினுக்கினால் பத்தில் ஒன்பது தடவை குற்றவாளி அழுக்கு. மரையையும் குழாயின் பூச்சில்லாத விளிம்பையும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, மரையில் சிலிகான் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அதற்கும் நிற்காவிட்டால் பின்மூடியைக் கழற்றி, பேட்டரியின் அடிப்பாகத்தையும் குழாயின் வெற்று விளிம்பையும் ஒரு கம்பியால் இணைத்துப் பாருங்கள். எஸ்2+ எரிந்தால் கோளாறு பின் ஸ்விட்சில்: பெரும்பாலும் அதைப் பிடித்திருக்கும் வளையம் தளர்ந்திருக்கும், கூர்மையான சாமணத்தை அதன் இரண்டு குழிகளில் வைத்து இறுக்கினால் போதும். எரியாவிட்டால் தலையில்: டிரைவரைப் பிடிக்கும் வளையத்தை அதேபோல இறுக்குங்கள். அதற்குப் பிறகும் மினுக்கினால்தான் சால்டர் இரும்பைத் தேட வேண்டும்.

வாங்கும் வழி. அலிஎக்ஸ்பிரஸ் என்ற சீன இணையக் கடை இந்தியாவில் 2020 நவம்பரிலிருந்து தடையில் இருப்பதால், கான்வாயை அதன் சொந்தத் தளத்திலிருந்தும் எமிசரை ஹாங்கின் இன்டர்நேஷனல் அவுட்டோர் தளத்திலிருந்தும் தருவிக்க வேண்டும். இலங்கையில் இருப்பவர்களுக்கு அலிஎக்ஸ்பிரஸ் வழியே திறந்திருக்கிறது. பேட்டரி சேர்த்து ஆர்டர் செய்தால் விமானத்தில் ஏற்றுவதற்கான கட்டுப்பாடுகளால் பொட்டலம் தாமதமாகும் அல்லது திரும்பும். லைட்டை மட்டும் தருவித்து, பேட்டரியை உள்ளூரில் மின்வண்டி, ட்ரோன் பாகங்கள் விற்கும் கடையில் எடை பார்த்து வாங்குங்கள். முதல் லைட் என்றால் எஸ்2+ ஆறு சில்லு, ஒரு 35இ, நல்ல சார்ஜர் ஒன்று. ஹெட்லைட்டும் வேண்டும் என்றால் எச்04 பரவல் லென்ஸ் வகை, பேட்டரியையும் சார்ஜரையும் எஸ்2+ உடன் பகிர்ந்துகொள்ளலாம். என்யு25 யுஎல் எடையை எண்ணி எண்ணிப் பை கட்டுகிறவர்களுக்கு மட்டும்.